தொடர் மின்சுற்று: ஒரு பள்ளி ஆசிரியர் கண்ட நெறி

மின்சாரத்தைப் பற்றிப் பள்ளியில் நடத்தப்பெறும் முதற்பாடம் பெரும்பாலும் தொடர் சுற்றேயாகும். ஒரு மின்கலம், ஒரு சாவி, இரண்டு சிறு விளக்குகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியால் கோத்து, கடைசிக் கம்பியை மின்கலத்திற்கே கொண்டுவந்து சேர்த்தால் விளக்குகள் எரிகின்றன. எந்த ஓரிடத்தில் கம்பியைப் பிரித்தாலும் இரண்டும் அணைந்துவிடுகின்றன. பத்து வயதுச் சிறுவனும் அரைமணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய எளிய சோதனை இது.

ஆயினும் இவ்வெளிய சுற்றினுள் நடப்பது யாது என்பதை ஐரோப்பிய அறிஞர் உலகம் தெளிந்து ஏற்றுக்கொள்ள 1800ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதன் நெறியைக் கண்டு வெளியிட்டவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். புகழ்பெற்ற கழகங்களின் உறுப்பினரும் அல்லர். ஜெர்மனியின் கொலோன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் கற்பித்துவந்த ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரே அவர். அவர் கண்டது என்ன, உலகம் அதனை ஏற்கத் தயங்கியது ஏன், பின்னர் எந்தத் தேவை அதனை ஏற்கவைத்தது என்பவற்றை அறிந்துகொண்டால், நாம் வகுப்பில் நடத்தும் பாடமே புதுப்பொருள் பெறும்.

வோல்ட்டாவின் அடுக்கு

1800ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் இத்தாலியப் பேராசிரியர் அலெஸாண்ட்ரோ வோல்ட்டா, இலண்டன் அரச கழகத்தின் தலைவர் ஜோசப் பாங்க்ஸ் என்பாருக்கு ஒரு மடல் எழுதினார். வெள்ளி வில்லை ஒன்று, துத்தநாக வில்லை ஒன்று, இடையே உப்புநீரில் நனைத்த அட்டை ஒன்று என மேலும் மேலும் அடுக்கிக்கொண்டே போனால், அவ்வடுக்கின் இரு முனைகளையும் தொடுவோர் கையில் அதிர்ச்சி உண்டாகின்றது என்றும், அடுக்கு உயர உயர அதிர்ச்சியும் மிகுகின்றது என்றும் அம்மடலில் அறிவித்தார். அதுவே உலகின் முதல் மின்கல அடுக்கு. ஒவ்வோர் இணை வில்லையும் ஒரு மின்கலம். அவை ஒன்றன்மேல் ஒன்றாக நின்றது தொடர் இணைப்பு. ஆகவே தொடர் இணைப்பின் வரலாறு மின்கலத்தின் வரலாற்றோடு ஒரே நாளில் பிறந்தது எனலாம்.

அதற்கு முன்னர் அறிஞர் கையாண்ட லேடன் சாடி, தேக்கிய மின்சாரத்தைக் கண்ணிமைப்பொழுதில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். வோல்ட்டாவின் அடுக்கோ இடையறாது மின்சாரத்தை ஓடச் செய்தது. ஓடுகின்ற பொருள் கையில் அகப்பட்டவுடன், “எவ்வளவு ஓடுகின்றது?” என்ற கேள்வி எழுதல் இயல்பு. அதனை அளக்கத்தான் கருவி இல்லை. நாவில் படும் சுவை, தவளைக் காலின் துடிப்பு, கையில் உணரும் அதிர்ச்சி, நீரிலிருந்து பிரியும் ஆவியின் அளவு ஆகியவையே அக்கால அளவுகோல்கள்.

1781ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹென்றி கவெண்டிஷ், தம் உடலையே அளவைக் கருவியாக்கித் தம் கையில் உறைத்த அதிர்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்த்து, மின்னழுத்தத்திற்கு ஏற்பவே ஓட்டமும் அமைகின்றது என்று குறித்துவைத்தார். கூச்சம் மிக்க அப்பெரியார் அதனை வெளியிடவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அக்குறிப்புகளைத் தொகுத்து 1879இல் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது. வெளியிடப்படாத அறிவு ஊருக்குப் பயன்படாத கிணறு. கவெண்டிஷ் அறிந்ததால் எவருக்கும் வழி பிறக்கவில்லை.

1820இல் டென்மார்க்கு நாட்டின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஊசி எவ்வளவு திரும்புகின்றதோ அவ்வளவு ஓட்டம் என்று கொள்ள வழி பிறந்தது. ஆயின் அளவைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மின்கலங்களைக் கூட்டினால் ஓட்டம் மிகுகின்றது என்றார் ஒருவர்; கூட்டியும் பயனில்லை என்றார் மற்றொருவர். இருவரும் தாம் கண்டதையே கூறினர். இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, கம்பி நீள நீள ஊசியின் திருப்பம் விரைந்து குறைவதைக் கண்டு, மின்சாரத்தால் நெடுந்தூரத்திற்குச் செய்தி அனுப்புதல் இயலாது என 1825ஆம் ஆண்டில் எழுதினார்.

பூட்டுச் செய்பவரின் மகன்

ஜார்ஜ் சைமன் ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத தந்தையார் தாமே முயன்று கணக்கும் அறிவியலும் கற்றுத் தம் மக்களுக்கும் கற்பித்தார். இளைய மகன் மார்ட்டின் ஓம் பின்னாளில் கணிதப் பேராசிரியராக விளங்கினார். ஜார்ஜ் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே தாயார் மறைந்தார்.

1805இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இளைஞர் ஓம், நடனத்திலும் பில்லியர்டு ஆட்டத்திலும் பனிச்சறுக்கிலும் பொழுதைப் போக்கினார். வியர்வை சிந்திப் படிக்கவைத்த தந்தையார் சினங்கொண்டார். படிப்பு இடையில் நின்றது. மகன் சுவிட்சர்லாந்துக்குச் சென்று பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியரானார். பின்னர்த் தனியாகவே கற்று, 1811இல் எர்லாங்கனுக்குத் திரும்பிப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் விரிவுரையாற்றினார். அவ்வூதியம் வயிற்றுக்குப் போதவில்லை. பாம்பெர்க் நகரில் எளிய பள்ளி ஒன்றில் வேலை ஏற்றார். 1816இல் அப்பள்ளியும் மூடப்பட்டது.

1817இல் கொலோன் நகரின் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே நல்ல சோதனைக் கருவிகள் இருந்தன. பூட்டுத் தொழிலாளியின் மகனுக்குக் கருவி செய்யும் கைப்பழக்கமும் இருந்தது. பகலில் பாடம், ஓய்வில் சோதனை என ஆண்டுகள் சென்றன. ஓர்ஸ்டெட்டின் செய்தி வந்த பின், ஓம் தம் கருத்தை மின்னோட்டத்தின்மேல் முழுமையாகச் செலுத்தினார்.

முதற்பிழையும் திருத்தமும்

1825இல் ஓம் வெளியிட்ட முதற் கட்டுரை பிழையுடையது. கம்பியின் நீளத்திற்கும் ஓட்டத்தின் குறைவிற்கும் உள்ள தொடர்பை மடக்கை வாய்பாடு ஒன்றில் அடக்கிக் கூறினார், அது நிலைக்கவில்லை. காரணம் அவருடைய மின்கலம். அக்கால மின்கலங்கள் இணைத்தவுடன் வேகமாக ஓட்டம் தந்து, சில நொடிகளில் தளர்ந்துவிடுபவை. அளக்கும் பொருளும் மாறுகின்றது, அதனைத் தரும் ஊற்றும் மாறுகின்றது என்றால் உண்மை எப்படி வெளிப்படும்?

அறிவியல் இதழாசிரியரான பொகெண்டார்ஃப் ஒரு நல்ல யோசனை கூறினார். 1821இல் சீபெக் என்பவர், இருவேறு உலோகங்களை இணைத்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்னோட்டம் உண்டாவதைக் கண்டிருந்தார். அந்த வெப்ப மின்னிணையையே ஊற்றாகக் கொள்க என்றார் அவர். ஓம் அவ்வாறே செய்தார். நிமிளை எனப்படும் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் நிலையானவை. ஆகவே மின்னூற்றும் நிலைபெற்றது.

ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்தார். அவற்றின் நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிச் சுற்றில் கோத்து, மெல்லிய இழையில் தொங்கவிட்ட காந்த ஊசியால் ஓட்டத்தை அளந்தார். 1826 ஜனவரி 8ஆம் நாள் எடுத்த அளவைகளைக் காண்போம். 2 அங்குலக் கம்பிக்கு ஊசியின் அளவு 326¾. கம்பியை இரு மடங்காக்கி 4 அங்குலம் வைத்தபோது அளவு பாதியாகவில்லை, 300¾ ஆயிற்று. 66 அங்குலத்திற்கு 83¼; அதனை ஏறத்தாழ இரட்டித்து 130 அங்குலம் வைத்தபோது 48½.

குறுங்கம்பியை இரட்டித்தால் ஓட்டம் சிறிதே குறைகின்றது. நெடுங்கம்பியை இரட்டித்தால் பாதியை நெருங்குகின்றது. இது ஏன்? ஓம் கண்ட விடை இதுதான்: மின்சாரம் சோதனைக் கம்பியில் மட்டும் ஓடவில்லை. வெப்ப மின்னிணையின் உலோகத்திலும், இணைப்புகளிலும், சுற்றின் எஞ்சிய எல்லாப் பகுதிகளிலும் அதே ஓட்டம் ஓடுகின்றது. அவ்வெஞ்சிய பகுதிகளும் தடுக்கின்றன. அவற்றின் தடை முழுவதும் 20¼ அங்குலச் செம்புக் கம்பியின் தடைக்குச் சமம் என்று கொண்டால், 7285 என்ற எண்ணை, கம்பியின் நீளத்தோடு 20¼ கூட்டிய தொகையால் வகுக்க ஊசியின் அளவு வருகின்றது.

ஆசிரியர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம். 2 அங்குலத்திற்கு 7285ஐ 22¼ஆல் வகுத்தால் ஏறத்தாழ 327½. 34 அங்குலத்திற்கு 54¼ஆல் வகுத்தால் 134¼. ஓம் அளந்தது 134½. 130 அங்குலத்திற்கு 150¼ஆல் வகுத்தால் 48½, அளந்ததும் அதுவே. மேல் எண் ஊற்றின் வலிமை. கீழ்த்தொகை முழுச் சுற்றின் தடை. ஓட்டம் என்பது வலிமையைத் தடையால் வகுத்த ஈவு. இன்று ஓமின் விதி என நாம் கற்பிப்பது பிறந்த இடம் இதுவே. அது பிறந்தபோதே ஒரு தொடர் சுற்றின் விதியாகவே பிறந்தது என்பதைக் கருதுக.

சங்கிலி என்ற சொல்

ஓம் அரைச்சம்பள விடுப்புப் பெற்று, தம்பி இருந்த பெர்லினுக்குச் சென்றார். அங்கே 1827இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘கால்வானிக் சங்கிலி: கணித முறை ஆராய்ச்சி’ எனலாம். இன்று நாம் சுற்று என்பதை அவர் சங்கிலி என்ற சொல்லால் குறித்தார். அச்சொல் பொருள் பொதிந்தது. சங்கிலியில் ஒரு வளையம் தனித்து நில்லாது. ஒன்றை மாற்றினால் முழுச் சங்கிலியின் நிலையும் மாறும்.

அந்நூலின் கருத்தை இன்றைய சொற்களில் மூன்று நெறிகளாக வகுத்துரைக்கலாம்.

முதலாவது, தொடர் சுற்றில் எல்லா இடங்களிலும் ஓட்டம் ஒன்றே. முதல் விளக்கைக் கடந்து வருகையில் ஓட்டம் தேய்வதில்லை. இரண்டாவது, தடைகள் கூடுகின்றன. 2 ஓம், 3 ஓம், 4 ஓம் உள்ள மூன்று தடைகளைத் தொடராகக் கோத்தால் மொத்தத் தடை 9 ஓம். மூன்றாவது, மின்னழுத்தம் தடைகளுக்கிடையே அவற்றின் அளவுக்கேற்பப் பங்கிடப்படுகின்றது. மேற்கண்ட சுற்றுக்கு 9 வோல்ட் கொடுத்தால் ஓட்டம் 1 ஆம்பியர். தடைகளில் விழும் அழுத்தம் முறையே 2, 3, 4 வோல்ட். மூன்றையும் கூட்ட, கொடுத்த 9 வோல்ட்டும் கணக்கில் சரியாகிவிடும்.

வெப்பம் ஓர் இரும்புக் கோலின் சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைக்குப் பாய்வதைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822இல் கணித முறையில் விளக்கியிருந்தார். ஓம் அதனையே வழிகாட்டியாகக் கொண்டார். வெப்பநிலை கோலின் நெடுகப் படிப்படியாக இறங்குவது போல, மின்னழுத்தமும் கம்பியின் நெடுகப் படிப்படியாக இறங்குகின்றது என்றார்.

இந்நெறியால் பழைய முரண்பாடுகள் தீர்ந்தன. 1 வோல்ட் அழுத்தமும் 1 ஓம் உட்தடையும் உடைய மின்கலம் ஒன்றைக் கொள்வோம். அதனோடு 1 ஓம் கம்பியை இணைத்தால் ஓட்டம் அரை ஆம்பியர். அத்தகைய பத்து மின்கலங்களைத் தொடராக வைத்தால் அழுத்தம் 10 வோல்ட். ஆயின் உட்தடையும் 10 ஓம் ஆகிவிடுகின்றது. மொத்தத் தடை 11, ஓட்டம் 0.91 ஆம்பியர். பத்து மடங்கு செலவிட்டும் ஓட்டம் இரு மடங்குகூட ஆகவில்லை. கம்பியின் தடை 100 ஓமாக இருந்தாலோ, ஒரு மின்கலம் தருவது 0.0099 ஆம்பியர், பத்து மின்கலங்கள் தருவது 0.0909. ஓட்டம் ஒன்பது மடங்குக்கு மேல் உயர்கின்றது. கலங்களைக் கூட்டினால் பயனுண்டு என்றவரும், இல்லை என்றவரும் தத்தம் சுற்றைப் பொறுத்தவரை உண்மையே கூறினர். இருவரும் முழுச் சங்கிலியை நோக்கவில்லை, குறை அதுதான்.

புறக்கணிப்பும் கட்டுக்கதையும்

நூல் வெளிவந்ததும் அரசாங்கத்தின் கல்வி அமைச்சர் சினந்து ஓமைப் பள்ளியிலிருந்து விரட்டிவிட்டார் என்றொரு கதை பல பாடநூல்களில் வழங்குகின்றது. நிகழ்ந்தது வேறு. ஓம் பல்கலைக்கழகப் பதவியை எதிர்நோக்கியே நூலை எழுதினார். பதவி கிடைக்கவில்லை. மனமுடைந்து 1828இல் கொலோன் பள்ளிப் பணியைத் தாமே துறந்தார். அதன்பின் பெர்லினில் கிடைத்த சிறு ஆசிரியப் பணிகளால் காலம் கழித்தார். கதையில் ஒரு கொடியவர் இருந்தால் கேட்போருக்குச் சுவை. வரலாற்றில் பெரும்பாலும் இருப்பது பாராமுகமே.

அப்பாராமுகத்திற்குக் காரணங்கள் உண்டு. அக்கால ஜெர்மனியின் இயற்பியலார் பலர், சோதனையும் வருணனையுமே இயற்பியல் என்று கருதினர். கணிதம் நிறைந்த நூல் அவர்களுக்கு அயலாகத் தோன்றியது. பேராசிரியர் போல் என்பவர் நூலை வெறுங்கற்பனை என்று கடுமையாகச் சாடினார். நூலிலும் ஒரு குறை இருந்தது. ஓம் தம் அரிய சோதனைகளை முன்வைத்து அவற்றினின்று நெறியை வருவிக்காமல், கருதுகோள்களிலிருந்து கணித வழியாகவே தொடங்கினார். அளந்து கண்ட உண்மை, படிப்போர் கண்ணுக்கு எண்ணிச் செய்த கற்பனையாகத் தோன்றியது. 1825இன் பிழைபட்ட கட்டுரையும் அவருக்கு உதவியாக இருக்கவில்லை.

எல்லாரும் புறக்கணித்தனர் என்பதும் சரியன்று. லைப்சிக் நகரின் ஃபெக்னர், தாமே பல சோதனைகள் செய்து, ஓமின் நெறி பொருந்துகின்றது என 1831இல் வெளியிட்டார். 1833இல் ஓமுக்கு நூரம்பர்க் தொழிற்கல்விப் பள்ளியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆயினும் பரந்த புகழ் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 1841இல் இலண்டன் அரச கழகம் தன் உயரிய காப்ளி பதக்கத்தை அவருக்கு அளித்தது; மறு ஆண்டு வெளிநாட்டு உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. 1843இல் சார்லஸ் வீட்ஸ்டன் அதே கழகத்தில் நிகழ்த்திய உரையில் ஓமின் நெறியையே அடிப்படையாகக் கொண்டு தடைகளை அளக்கும் முறைகளை விளக்கினார். 1845இல் 21 வயது மாணவராக இருந்த கிர்க்காஃப், கிளைகள் பிரிந்து செல்லும் சுற்றுகளுக்கும் பொருந்துமாறு அந்நெறியை விரித்தார்.

கடலடிக் கம்பியும் மலாயாக் காடும்

இங்கிலாந்து ஓமை மதித்ததற்கு வீட்ஸ்டனின் தொழிலும் ஒரு காரணம். 1837இல் குக் என்பவரோடு சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். தந்தி என்பது ஒரு நெடிய தொடர் சுற்றே. மின்கல அடுக்கு, அனுப்பும் சாவி, பல கல் தூரக் கம்பி, பெறும் கருவி, திரும்பி வரும் வழி ஆகிய அனைத்தும் ஒரே சங்கிலி. 1838இல் ஸ்டைன்ஹைல் என்பவர் திரும்பும் வழியாகப் பூமியையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். இத்தனை தூரத்திற்கு எத்தனை மின்கலம் வேண்டும், பெறும் கருவியில் எத்தனை சுற்றுக் கம்பி வேண்டும் என்பவற்றைக் கணக்கிட ஓமின் நெறியன்றி வேறு வழியில்லை. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி, நெடுங்கம்பிக்குத் தொடர் அடுக்கே ஏற்றது எனத் தம் சோதனைகளால் 1831ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். பார்லோ இயலாது என்றது இயல்வதாயிற்று.

கம்பியைக் கடலுக்கடியில் இட வேண்டுமானால், உப்புநீர் புகாத உறை வேண்டும். அவ்வுறை மலாயாக் காடுகளிலிருந்து சென்றது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமரி 1843இல் கெத்தா பெர்ச்சா என்ற மரப்பாலை இங்கிலாந்துக்கு அறிமுகப்படுத்தினார். வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகி, கடல்நீரில் கெடாது நிற்கும் பொருள் அது. நம் தோட்ட மக்கள் இரப்பரைக் கித்தா என்று வழங்குவதும் கெத்தா என்ற அந்த மலாய்ச் சொல்லின் மரூஉவே. 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் நிலைபெற்ற தந்திக் கம்பிக்கும், 1866இல் அட்லாண்டிக் கடலைக் கடந்து நிலைத்த கம்பிக்கும் இப்பாலே உறையாயிற்று. மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் எடுத்தமையால், காட்டில் அம்மரங்கள் பேரளவில் அழிந்தன என்பதையும் மறத்தலாகாது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. கப்பலில் நாட்கணக்கில் வந்துகொண்டிருந்த செய்தி, தமிழகக் கரையிலிருந்து மலாயாக் கரைக்குச் சில மணி நேரத்தில் வந்து சேரும் நிலை பிறந்தது.

கடலடிக் கம்பி பழுதுபட்டால் எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? அங்கும் தொடர் நெறியே கைகொடுத்தது. ஒவ்வொரு கல்லுக்கும் கம்பியின் தடை இவ்வளவு என்று தெரியும். தடைகள் கூடும் என்பதும் தெரியும். கல்லுக்கு 10 ஓம் என்று கொள்வோம். கரையிலிருந்து அளக்கும்போது 350 ஓம் காட்டினால், கம்பி உறை கிழிந்து கடலைத் தொடும் இடம் கரையிலிருந்து 35 கல் தொலைவில் உள்ளது எனக் கணிக்கலாம். பழுதிலும் சிறிது தடை இருக்குமாதலால் பொறியாளர் இரு கரைகளிலிருந்தும் அளந்து திருத்திக்கொள்வர். கப்பல் அந்த இடத்திற்கே சென்று கம்பியைத் தூக்கிச் செப்பனிடும். இத்தகைய வேலைக்கு நிலையான தடை அளவு இன்றியமையாததாயிற்று. 1861இல் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிச் சங்கம் அதற்கெனக் குழு அமைத்தது. 1881இல் பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு தடையின் அளவுக்கு ஓம் என்ற பெயரை ஏற்றது.

தெருவிளக்கும் வீட்டு விளக்கும்

தொடர் இணைப்பு முதலில் தெருவிற்கு வந்தது வில் விளக்கின் வடிவில். அமெரிக்காவின் சார்லஸ் பிரஷ், 1879 ஏப்ரல் 29ஆம் நாள் கிளீவ்லாந்து நகரச் சதுக்கத்தில் 12 வில் விளக்குகளை ஏற்றிக்காட்டினார். அவை ஒரே கம்பியில் தொடராகக் கோக்கப்பட்டவை. ஒரு விளக்குக் கெட்டால் எல்லாம் அணையுமே என்ற இடையூற்றுக்கு அவர் தக்க வழி கண்டார். விளக்கின் கரிக்கோல்களிடையே ஓட்டம் அறுந்தால், தானாகவே ஒரு மாற்றுவழி திறந்து ஓட்டத்தை அடுத்த விளக்கிற்கு அனுப்பிவிடும் அமைப்பை விளக்கிலேயே பொருத்தினார். ஆயினும் மற்றொரு தீமை எஞ்சியது. ஒரு வில் விளக்குக்கு ஏறத்தாழ 50 வோல்ட் வேண்டும். 40 விளக்குகளைத் தொடராகக் கோத்தால் 2000 வோல்ட். அத்தகைய கம்பியை மக்கள் வாழும் வீட்டிற்குள் கொண்டுவருதல் ஆகாத செயல்.

எடிசன் இதனைப் பக்க இணைப்பால் தீர்த்தார். ஒவ்வொரு விளக்கும் இரு பெருங்கம்பிகளுக்கிடையே தனித்தனிக் கிளையாக அமையும். ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது. ஆயின் கிளைகள் பல ஆகும்போது பெருங்கம்பியில் மொத்த ஓட்டம் மிகும். செம்புச் செலவும் மிகும். ஆகவே ஒவ்வொரு விளக்கும் குறைந்த ஓட்டத்தையே உண்ண வேண்டும். அதற்கு விளக்கின் இழை அதிகத் தடையுடையதாக இருக்க வேண்டும் என ஓமின் நெறியைக் கொண்டே எடிசனின் குழுவினர் கணக்கிட்டனர். மெல்லிய கரியிழை விளக்கு அவ்வாறு தேர்ந்ததே. 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பெர்ல் தெரு நிலையம் இம்முறையில் ஒளி வழங்கத் தொடங்கியது.

அதனால் தொடர் இணைப்பு மறைந்துவிட்டது என்று எண்ணற்க. நம் வீட்டுச் சாவியும், மின்வெட்டுக் கருவியும், அவை காக்கும் விளக்கோடு தொடராகவே உள்ளன. தொடராக இருப்பதனாலன்றோ ஓரிடத்தில் துண்டித்தால் ஓட்டம் முழுதும் நிற்கின்றது! தீபாவளிக்கும் கோவில் திருவிழாவுக்கும் தொங்கவிடும் பழைய வகை விளக்குச் சரத்தில் 20 சிறு விளக்குகள் தொடராக இருந்தால், 230 வோல்ட் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றுக்கும் 11½ வோல்ட் கிடைக்கும். கைவிளக்கில் ஒன்றன்பின் ஒன்றாக நாம் இடும் மின்கலங்களும், கூரைமேல் வரிசையாகக் கோக்கப்படும் சூரிய மின்பலகைகளும் வோல்ட்டாவின் அடுக்கின் வழித்தோன்றல்களே.

வகுப்பறையில்

மாணவரிடையே இன்றும் வேரூன்றிக் கிடக்கும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. மின்கலத்திலிருந்து புறப்படும் ஓட்டத்தை முதல் விளக்குக் கொஞ்சம் தின்றுவிடுகின்றது; மிச்சமே இரண்டாவதற்குப் போகின்றது என்பர். இதனைச் சொல்லால் மறுப்பதினும் சோதனையால் மறுப்பதே நன்று. ஒரே வகையான இரு விளக்குகளைத் தொடராக வைத்து, எது மிகுதியாக ஒளிரும் என்று முன்கூட்டியே எழுதச் சொல்லலாம். பின் ஏற்றிக் காட்டினால் இரண்டும் ஒன்றுபோல் ஒளிரும். சிறிது வேறுபாடு தெரிந்தால், விளக்குகளை இடம் மாற்றிக் காட்டுக. வேறுபாடு விளக்கோடு செல்லுமேயன்றி இடத்தோடு நில்லாது. ஓட்டமானி இருப்பின், விளக்கிற்கு முன்னும் பின்னும் இணைத்து, அளவு ஒன்றாகவே இருப்பதைக் காட்டலாம். விளக்கில் செலவாவது ஓட்டம் அன்று, ஆற்றல் என்பது அப்பொழுது விளங்கும்.

ஆசிரியர் கருத வேண்டிய நுட்பம் மற்றொன்று. ஒரு விளக்குள்ள சுற்றில் இரண்டாவது விளக்கைத் தொடராகச் சேர்த்தால் ஓட்டம் சரிபாதியாகக் குறையும் என்று எதிர்பார்ப்போம். அளந்தால் பாதியைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். நெறி பொய்த்துவிட்டது என்று கலங்க வேண்டுவதில்லை. இழையின் சூடு குறைந்ததால் அதன் தடையும் குறைந்தது என்பதே காரணம். இவ்வாறு எதிர்பார்த்ததற்கு மாறாக அளவு வரும்போது, அதனை மறைக்காமல் காரணத்தைத் தேடுவதே 1825க்கும் 1826க்கும் இடையே கொலோன் நகரில் நடந்தது.

ஓம் எதிர்நோக்கிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி, மியூனிக் நகரில் 1852ஆம் ஆண்டில் முழுமையாகக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. இரண்டாண்டுகள் சென்று, 1854 ஜூலை 6ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பெற்ற பதவியை இன்று நினைப்பவர் சிலரே. அவர் கண்ட அளவையோ உலகின் எல்லா மொழிகளிலும், தமிழ்ப்பள்ளி மாணவனின் கணக்கேட்டிலும், அவர் பெயராலேயே எழுதப்படுகின்றது. பள்ளிக்கூடத்துச் சிறு அறையில், பள்ளிக்கூடத்துக் கருவிகளைக் கொண்டு, பாடவேளை போக எஞ்சிய நேரத்தில் செய்த வேலை அது. தொடர் சுற்றுப் பாடத்தை நடத்தும் ஆசிரியர், விதியைக் கரும்பலகையில் எழுதும் முன்னர் இவ்வரலாற்றையும் ஐந்து நிமிடம் சொல்வாரானால், மாணவர் அதனை நெஞ்சில் இருத்துவர் என்பது உறுதி.